பாண்டுங் புறநகரில் ஒரு வீடு: காசு உங்களுடையது, பெயர் டிரைவருடையது

கேள்வி: நான் கோவைக்காரன். 11 வருடமாக இந்தோனேசியாவில், பாண்டுங் நகருக்குக் கிழக்கே ரஞ்சாஎகெக் பகுதியில் ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருக்கிறேன். 2017-ல் சிலெயுனி டோல் வாசலுக்குப் பக்கத்தில், 110 சதுர மீட்டர் மனையில் ஒரு வீடு வாங்கினேன். விலை 85 கோடி ரூபியா. நம் பணத்தில் அப்போது 41 லட்சம் போல. வெளிநாட்டவர் பெயரில் எழுத முடியாது என்றார்கள். அதனால் என் கார் டிரைவர் பெயரில் எழுதினோம். நோட்டாரிஸிடம் மூன்று பத்திரம் போட்டுக்கொண்டேன்: அவர் என்னிடம் 85 கோடி கடன் வாங்கியதாக ஒன்று, வீடு உண்மையில் எனக்கே சொந்தம் என்று ஒன்று, ரத்து செய்ய முடியாத பவர் ஒன்று. வீட்டின் அசல் செர்டிபிகாட் (நில உரிமைச் சான்று) என் பீரோவில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் டிரைவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். அவரைத் தம்பி மாதிரி வைத்திருந்தேன். அவர் மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டினேன், காருட் ஊரில் இருக்கும் அவர் அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு செய்தேன். இப்போது மனைவியும் மூத்த மகனும் வந்து, "இது எங்கள் வீடு, 30 கோடி கொடுங்கள், இல்லையென்றால் காலி செய்யுங்கள்" என்கிறார்கள். வழக்குப் போட்டு வீட்டை மீட்க முடியுமா? பின்னால் 60 சதுர மீட்டர் வயல் துண்டும் வாங்கியிருக்கிறேன். அதற்கு கிரிக் எனும் பழைய நில வரிச் சீட்டும் ரசீதும் மட்டும்தான் உண்டு.

பதில்:

உங்கள் கடிதம் ஏழு பக்கம். அதில் சட்டத்துக்கு வேண்டியது ஒரு வரிதான்: செர்டிபிகாட்டில் இருப்பது டிரைவர் பெயர். அப்படியானால் வீடு அவருடையது, இப்போது அவருடைய வாரிசுகளுடையது. தம்பி மாதிரி வைத்திருந்ததும் ஃபீஸ் கட்டியதும் வழக்கில் எந்தப் பக்கத்திலும் ஏறாது. அதையெல்லாம் தள்ளி வையுங்கள். காருட் அம்மா விஷயத்தை மட்டும் தள்ளாதீர்கள், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் செய்தது நம் ஊர் பாஷையில் பினாமி. 1960-ம் ஆண்டு இந்தோனேசிய நிலச் சட்டத்தின் 21-ம் பிரிவு, ஹாக் மிலிக் எனும் முழு உரிமை அந்நாட்டுக் குடிமக்களுக்குத்தான் என்கிறது. அது உங்களுக்கும் தெரியும், தெரிந்துதானே டிரைவர் பெயரில் எழுதினீர்கள். ஆனால் 26-ம் பிரிவின் 2-ம் உட்பிரிவை அந்த நோட்டாரிஸ் உங்களுக்கு வாசித்துக் காட்டியிருக்க மாட்டார். நேராகவோ சுற்றுவழியிலோ ஹாக் மிலிக்கை வெளிநாட்டவருக்கு மாற்றும் நோக்கத்தில் நடந்த எந்தப் பரிவர்த்தனையும் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. மூன்றும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. இதற்கு மேல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2020-ல் தன் நீதிபதிகளுக்கு அனுப்பிய 10-ம் எண் சுற்றறிக்கை, வெளிநாட்டவர் பணத்தில் வாங்கியிருந்தாலும் செர்டிபிகாட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று சொல்லிவிட்டது.

ஆக, வழக்குப் போட்டு "வீடு என்னுடையது" என்று நீங்கள் நிரூபித்துவிட்டால், அன்றைக்கே வீடு உங்களுக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை.

கடன் பத்திரத்தை வைத்துப் பணத்தையாவது கேட்கலாமே என்பீர்கள். எல்லோரும் அங்கேதான் வந்து நிற்பார்கள். நீங்கள் அனுப்பிய ஸ்கேன் காகிதங்களில் ஒன்றைப் பச்சை மையில் மூன்று முறை அடிக்கோடு போட்டு, "இதுதான் சார் என் பலமான ஆதாரம்" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். வங்கிப் பணமாற்றுச் சீட்டு. அனுப்பியவர் நீங்கள், பெற்றவர் வீட்டை விற்றவர், குறிப்புக் கட்டத்தில் "பெலி ருமா" என்று இருக்கிறது. வீடு வாங்க என்று அர்த்தம். பணம் டிரைவர் கணக்குக்குள் ஒரு நாள்கூட நுழையவில்லை. அவர் உங்களிடம் கடன் வாங்கினார் என்ற கதையைக் கெடுக்க எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இந்த ஒரு சீட்டு போதும். மாதச் சம்பளத்துக்கு வண்டி ஓட்டியவருக்கு, வட்டியில்லாமல், தவணையில்லாமல் 85 கோடி ஏன் கொடுத்தீர்கள் என்று நீதிபதி கேட்டால் என்ன சொல்வீர்கள்? கடனோடு வீட்டின் மீது அடமானமாவது பதிந்திருந்தால் கொஞ்சம் வாதாடிப் பார்க்கலாம். அதுவும் இல்லை.

பவர் பத்திரம் இரண்டு தடவை செத்தது. நிலத்துக்கு "ரத்து செய்ய முடியாத" பவர் எழுதுவதை 1982-லேயே உள்துறை அமைச்சரின் உத்தரவு தடை செய்துவிட்டது. சரி, அதை விடுங்கள். கொடுத்தவர் இறந்தால் பவர் முடிந்தது என்கிறது அவர்கள் சிவில் சட்டத்தின் 1813-ம் பிரிவு. டிரைவரை அடக்கம் செய்த அன்றே அந்தக் காகிதத்துக்கும் வேலை முடிந்துவிட்டது. "வீடு உண்மையில் எனக்கே சொந்தம்" என்ற பத்திரம் இருக்கிறதே, அது நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம்.

அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போலீசுக்குப் போகாதீர்கள். என்னிடம் வந்த ஒரு ரசாயன வியாபாரி, சுராபாயாவை அடுத்த சிடோஆர்ஜோவில் இதே மாதிரி வீடு வைத்திருந்தவர், கோபத்தில் நம்பிக்கை மோசடி என்று புகார் கொடுத்தார். விசாரணை அதிகாரி மரியாதையாகத் தேநீர் கொடுத்து எல்லாக் காகிதத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்து வந்த கடிதம் குடிவரவு அலுவலகத்திலிருந்து. உள்ளூர்ச் சட்டத்தை மதிக்காத வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்ப 2011-ம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 75-ம் பிரிவு இடம் கொடுக்கிறது. உங்கள் கிடாஸ் அட்டை, அதாவது தற்காலிகக் குடியிருப்பு அனுமதி, மில்லின் பெயரில் வாங்கியது. மில் நிர்வாகம் உங்களுக்காக எவ்வளவு தூரம் வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பீரோவில் இருக்கும் அசலைப் பற்றியும் ரொம்ப நிம்மதியாக இருக்கிறீர்கள். வாரிசுகள் தொலைந்துவிட்டது என்று போலீசில் எழுதிக் கொடுத்து, நில அலுவலகத்தில் சத்தியம் செய்து, பத்திரிகையில் அறிவிப்பு போட்டு 30 நாள் காத்திருந்தால் மாற்றுச் செர்டிபிகாட் கிடைத்துவிடும். பொய்ச் சத்தியம் குற்றம்தான். ஆனால் அந்த 30 நாளுக்குள் நீங்கள் போய் ஆட்சேபிக்க வேண்டும், ஆட்சேபித்தால் "உங்களிடம் எப்படி வந்தது?" என்று கேட்பார்கள். அசல் உங்கள் கையில் இருப்பது பேரம் பேசும்போது உதவும். அதை வைத்து உரிமை கோர முடியாது.

எனவே சமாதானமாகப் போங்கள். 30 கோடி கேட்பது மிரட்டல் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது மலிவாகத் தெரிகிறது. மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கும்போது மூன்றில் ஒரு பங்குக்குச் சம்மதிக்கிறார் என்றால், டிரைவரின் மனைவிக்கு உங்கள் மேல் இன்னும் மரியாதை இருக்கிறது. ஆனால் 30 கோடியைக் கொடுத்துவிட்டுப் பழையபடியே குடியிருக்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு உங்களுக்கு எந்த உரிமையும் வராது. அடுத்த வருடம் மூத்த மகன் கல்யாணச் செலவுக்கு மறுபடி வருவான், அப்புறம் பைக்குக்கு வருவான்.

உங்கள் பெயரிலேயே ஹாக் பகாய் எனும் பயன்பாட்டு உரிமையாக மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2021-ம் ஆண்டு விதிகளில் வெளிநாட்டவருக்கு அது உண்டு: 30 வருடம், நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30. ஆனால் வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு மாகாணவாரியாகக் குறைந்தபட்ச விலை வைத்திருக்கிறார்கள். ஜகார்த்தாவில் தனி வீட்டுக்கு அது 500 கோடி ரூபியா. மேற்கு ஜாவாவிலும் உங்கள் 85 கோடி வீடு அந்தக் கோட்டின் பக்கமே போகாது.

மிச்சம் இருப்பது இரண்டு வழி. வாரிசுகள் வீட்டை ஓர் இந்தோனேசியருக்கு விற்று, ஒப்புக்கொண்ட தொகையை உங்களுக்குக் கொடுப்பது ஒன்று. இல்லையென்றால் வீடு அவர்களுடையது என்று நீங்கள் ஏற்றுக்கொண்டு, நீண்ட கால வாடகைப் பத்திரம் எழுதி வாங்குவது. அந்நாட்டில் வசிக்கும் வெளிநாட்டவர் வாடகை உரிமை பெற நிலச் சட்டத்தின் 45-ம் பிரிவு தடை சொல்லவில்லை. நடுவில் அவர்கள் வீட்டை விற்றாலும் வாடகை முறியாது, சிவில் சட்டம் 1576. இன்னும் ஆறேழு வருடம் அங்கே வேலை என்றால் நான் வாடகையைத்தான் சொல்வேன். ஊருக்குத் திரும்பும் யோசனை இருந்தால் விற்பனை.

இப்போது காருட் அம்மா. என் கட்சிக்காரர்கள் அதிகம் விழுந்த குழி இதுதான். விதவையோடும் மூத்த மகனோடும் பேசி, அவர்கள் இரண்டு பேர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, பணத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வருவார்கள். டிரைவர் முஸ்லிம். அந்நாட்டு இஸ்லாமிய சட்டத் தொகுப்பின்படி, பிள்ளைகள் இருந்தாலும் இறந்தவரின் தாய்க்கு ஆறில் ஒரு பங்கு உண்டு. நீங்கள் ஆஸ்பத்திரிச் செலவு பார்த்த அதே அம்மா ஒரு வாரிசு. அவர் கையெழுத்து இல்லாத சமாதானம் ஓட்டைப் பானை. அவரும் காலமானால் அந்தப் பங்கு டிரைவரின் கூடப்பிறந்தவர்களுக்கும் பிரியும். அப்புறம் காருட் முழுக்கத் தேடி அலைய வேண்டும்.

அடுத்தது மகள். வயது 14 என்று எழுதியிருக்கிறீர்கள். மைனர் பங்கை விற்கத் தாய் கையெழுத்து மட்டும் போதாது, நீதிமன்ற அனுமதி வேண்டும். அதற்குச் சில மாதம் ஆகும். "அதெல்லாம் பார்த்துக்கலாம் பாக் (ஐயா), முதலில் அட்வான்ஸ் கொடுங்கள்" என்று ஒரு தரகர் வருவார். கொடுக்காதீர்கள்.

சமாதானப் பத்திரத்தைப் பழைய நோட்டாரிஸிடம் எழுதாதீர்கள், அவருக்கு இப்போது தன் கழுத்தைக் காப்பதே வேலை. பாண்டுங்கில் நிலச் சட்டம் தெரிந்த ஒரு வக்கீலை நீங்கள் தனியாக வையுங்கள். நான் அங்கே வாதாட முடியாது. பத்திரத்தில் 2017 கதையை ஒரு வரிகூட எழுத வேண்டாம். விற்பனை வழி என்றால், நீங்கள் வீட்டைக் காலி செய்து செர்டிபிகாட்டை ஒப்படைக்கிறீர்கள், அவர்கள் இன்ன தொகை தருகிறார்கள், இனி யாருக்கும் யாரிடமும் கோரிக்கை இல்லை. அவ்வளவுதான். விற்பவர் கட்டும் இரண்டரை சதவீத வரியும் வாரிசுப் பெயர் மாற்றச் செலவும் யார் தலையில் என்பதையும் எழுதிவிடுங்கள், கடைசி நாள் சண்டை எப்போதும் அதில்தான் வரும். விற்பனையானால், விற்பனைப் பத்திரம் கையெழுத்தாகும் மேசையிலேயே உங்கள் தொகை உங்கள் கணக்கில் ஏற வேண்டும். "நாளைக்குப் போடுகிறோம்" என்று போனவர்களைத் தேடிக்கொண்டிருப்பவர் ஒருவர் எனக்கு இன்னும் வாரம் ஒரு முறை போன் செய்கிறார்.

வயல் துண்டை மறந்துவிடுங்கள். கிரிக் சீட்டு 2026 பிப்ரவரியோடு உரிமைச் சான்று என்ற தகுதியை இழந்துவிட்டது. பதிவு செய்தாலும் உங்கள் பெயரில் வராது. போன பணம் போனதுதான்.

டிரைவரின் நூறாம் நாள் பிரார்த்தனைக்கு அடுத்த வாரம் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றும், போவதா வேண்டாமா என்றும் கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்தீர்கள். போங்கள். வழக்கமான கவரைக் கொடுங்கள், சாப்பிடுங்கள், வீட்டுப் பேச்சை எடுக்க வேண்டாம். காருட்டிலிருந்து அந்த அம்மா வந்திருப்பார், பக்கத்தில் உட்கார்ந்து உடம்பு எப்படி என்று கேளுங்கள். மூத்த மகன் தனியாகக் கூப்பிட்டு செர்டிபிகாட்டைக் கேட்டால், வக்கீல் வந்ததும் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.