ஹொனர்ஸ் ஆய்வு: தோட்டத்தில் இரத்தம் எடுக்கப் போகுமுன்

கேள்வி: பேராதனையில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் மூன்றாம் வருடம் படிக்கிறேன். ஊர் ஹட்டன் பக்கம். தோட்டத்துப் பெண்களின் இரத்தச்சோகை பற்றி ஹொனர்ஸ் ஆய்வு செய்ய ஆசை. ஒரு வருடத்தில் முடியுமா? அவுஸ்திரேலியாவில் ஹொனர்ஸ் தனி வருடமாமே?

பதில்: அங்கே மூன்று வருடப் பட்டம் முடித்தவர்கள் பலர் தனியாகச் சேரும் வருடம் அது. இங்கே உங்கள் நான்கு வருடப் பட்டமே ஹொனர்ஸ். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 6ஆம் மட்டம். விரிவுரையும் ஆஸ்பத்திரிப் பயிற்சியும் ஓட, இடையில்தான் ஆய்வு. முழு வருடம் கையில் இருப்பதாகக் கணக்குப் போடாதீர்கள்.

'மலையகப் பெண்களின் இரத்தச்சோகை' கலாநிதிப் பட்டத்துக்குக் காணும். உங்களுக்கு ஒரு தோட்டம், அதில் ஒரு டிவிசன் (தோட்டப் பிரிவு), ஒரே கேள்வி போதும்.

மாதங்களை விழுங்குவது ஆய்வுகூட வேலை இல்லை, அனுமதிதான். எதிக்ஸ் (ஆய்வு நெறிமுறை) குழுவுக்கு விண்ணப்பம், தோட்ட நிர்வாகத்தின் கடிதம், சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவித்தல் என்று இழுபடும். எதிக்ஸ் கிடைக்குமுன் சொந்த அத்தையிடம்கூட ஆய்வுக்கென்று ஒரு சொட்டு இரத்தம் எடுக்கக் கூடாது. தோட்டத் துரை சொல்லி, வேலையை மேற்பார்க்கும் கங்காணி பெயர் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தினால் அது சம்மதமே ஆகாது. குழு கட்டாயம் கேட்கும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஆள் பிடிக்காமல், பின்னேரம் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ப் படிவத்தை வாசித்துக் காட்டுங்கள். 'மாட்டேன்' என்று சொல்ல அங்கேதான் அவர்களுக்கு வாய் வரும்.

இன்னொன்று, பலர் கோட்டை விடுவது. கர்ப்பமில்லாத பெண்களுக்கு டெசிலீற்றருக்கு 12 கிராம் என்ற ஹீமோகுளோபின் எல்லை கடல்மட்டத்துக்கு உரியது. ஹட்டன் 1,200 மீற்றருக்கும் மேலே; அந்த உயரத்தில் ஹீமோகுளோபின் இயல்பாகவே கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் உயரத் திருத்தத்தைச் செய்யாவிட்டால் சோகை உள்ள சிலர் சுகதேகிகளாகத் தெரிவார்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்ப்பதென்றால், அழற்சியைக் காட்டும் சீ.ஆர்.பி. பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: காய்ச்சலோ அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் உயர்ந்து இரும்புக் குறைபாட்டை மறைத்துவிடும்.

நெறியாளரின் பெயர் புகழைப் பார்க்காதீர்கள். எழுதிக் கொடுத்ததை எத்தனை நாளில் திருத்தித் தருகிறார் என்று இப்போதைய நாலாம் வருடத்தாரிடம் விசாரியுங்கள். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் சம்மதப் படிவத்தைச் சரிபார்க்கத் தமிழ் தெரிந்த இணை நெறியாளர் ஒருவரைக் கேளுங்கள். ஃபெரிட்டின் பரிசோதனைக் கிட்டுக்கு யார் காசு கொடுப்பது என்பதையும் முன்மொழிவு எழுதுமுன் பேசி முடியுங்கள், கிட் மலிவில்லை.