மைக் செட் மாமா பதில்கள்: ரோஸ் சுத்தியலும் ஒத்தைக் கிடாரும்

(கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் முப்பத்தேழு வருடமாக ஒலி, ஒளி அமைப்புத் தொழில் செய்பவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். போன இதழில் சிங்கப்பூரில் கொரியக் கச்சேரி பார்த்த கதையை இரண்டு வரி எழுதியிருந்தார். அதற்கு வந்த கடிதங்களே இந்த மாதம் முழுக்க.)

மாமா, நான் பிடிஎஸ் என்கிற கொரியப் பாட்டுக் குழுவின் ரசிகை. என் அறைத் தோழி இங்கிலாந்துப் பாடகர் எட் ஷீரன், கோல்ட்ப்ளே குழு என்றால் உயிரை விடுவாள். "உங்க ஆளுங்க நடத்துறது கச்சேரி இல்ல, டிரில் கிளாஸ்" என்று தினமும் வம்பிழுக்கிறாள். சேர்த்து வைத்திருக்கும் காசுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கச்சேரிதான் பார்க்க முடியும். இரண்டு பக்கமும் பார்த்தவர் நீங்கள். எதற்குப் போகட்டும்?
– கல்லூரி மாணவி, அட்டுவம்பட்டி விடுதி

தாயி, முதலில் நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2023 மே மாதம் பெரியவள் பிரசவத்துக்காக நானும் வீட்டுக்காரியும் சிங்கப்பூரில் இருந்தோம். மாப்பிள்ளையின் தங்கைக்குத் துணைக்கு ஆள் இல்லை என்று என்னை நேஷனல் ஸ்டேடியத்துக்கு அனுப்பினார்கள். பிளாக்பிங்க் என்ற கொரியப் பெண்கள் குழுவின் கச்சேரி. மேல் வரிசையில் இடம். மேடையில் நிற்கிற பெண்கள் புளியங்கொட்டை அளவுதான் தெரிந்தார்கள். நான் வழக்கம்போல எத்தனை ஸ்பீக்கர் தொங்குகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். விளக்கு அணைந்ததும் சுற்றிலும் ரோஸ் வெளிச்சம். ஆளாளுக்குக் கையில் ஒரு சுத்தியல்: கறுப்புக் கைப்பிடி, இரண்டு முனையிலும் இதயம். ரசிகர்கள் பிடித்து ஆட்டுகிற விளக்குத் தடி அது. அந்தப் பெண் எனக்கும் ஒன்று கொடுத்தாள். இரவல்தான், வீட்டுக்கு வந்ததும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

பாட்டோடு சேர்ந்து கூட்டமும் பாடத்தான் செய்தது. ஆனால் என் காதை நிமிர்த்தியது அது இல்லை. பாடகி வரியை முடித்து மூச்சு வாங்குகிற அந்த அரைத் தாள இடைவெளியில், அத்தனை ஆயிரம் பேரும் ஒரே சொல்லைப் போட்டார்கள். முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. இங்கே கோரஸ் பாட நாலு பேரை நிறுத்தினாலே ஒருத்தர் முந்திக்கொள்வார். அதுவும் அவ்வளவு பெரிய ஸ்டேடியத்தில் சத்தம் மேடையிலிருந்து மேல் வரிசைக்கு வந்து சேரவே நேரம் பிடிக்கும். எனக்குப் பழனி பாதயாத்திரைதான் ஞாபகம் வந்தது. முன்னால் போகிறவர் "கந்தனுக்கு" என்று எடுப்பார். பின்னால் வருகிற கூட்டம் "அரோகரா" என்று முடிக்கும். பாதிப் பாட்டு பாடுகிறவரிடம், மீதி கேட்கிறவரிடம்.

நம் ஊரில் அரோகராவை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. கொரியாவில் எழுதியே கொடுக்கிறார்கள். புதுப் பாட்டு வரும்போது எந்த இடத்தில் என்ன கத்த வேண்டும் என்று கம்பெனியே வரியோடு குறித்து வெளியிடும். உனக்குத் தெரிந்ததுதான், உங்கள் குழு ஏழு பேரின் பெயர்: கிம் நம்ஜூன், கிம் சோக்ஜின், மின் யூன்கி, ஜங் ஹோசோக், பார்க் ஜிமின், கிம் தேஹ்யங், ஜோன் ஜங்குக், பிடிஎஸ்! தலைவர் பெயர் முதலில், மற்றவர்கள் வயது வரிசையில். கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுகிற ஒழுங்கு. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பண்ணைக்காட்டில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. மேடையில் பிள்ளைகள் கொரியப் பாட்டுக்கு ஆட, கீழே எட்டுப் பத்துப் பெண்கள் திடீரென்று ஒரே குரலில் என்னமோ கத்தவும், சண்டை வந்துவிட்டது என்று நான் மிக்சரில் சத்தத்தை இறக்கிவிட்டேன். அதற்கு அவர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை.

இனி எட் ஷீரன். 2025 பிப்ரவரி 5, சென்னை நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம். சின்னவள் சென்னையில் வேலை பார்க்கிறாள், அவள் எடுத்த டிக்கெட். மலையிலிருந்து ஸ்வெட்டரோடு இறங்கியவன் அந்தப் புழுக்கத்தில் வெந்துபோனேன். மேடைக்கு வந்த மனுஷன் கிடார் பெட்டியைக் கையால் தட்டினார், காலால் ஒரு பெடலை மிதித்தார். தட்டிய சத்தம் சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்தது. அதன் மேல் தந்தி, அதன் மேல் தன் குரல், அதற்கும் மேல் இன்னொரு குரல். லூப் என்று பெயர். ஒத்தை ஆள் ஒரு குழுவையே கண் முன்னால் கட்டி எழுப்பினார். நாலு ஆள் சம்பளம் மிச்சம் என்று தொழில் புத்தி கணக்குப் போட்டது.

அங்கே கூட்டம் இடைவெளிக்குக் காத்திருக்கவில்லை. பல்லவியிலிருந்து கடைசி வரை பாட்டு முழுவதையும் தானே எடுத்துக்கொண்டது. எனக்குப் பக்கத்தில் ஒரு தம்பி எல்லா வரியையும் தப்புத் தப்பாக, சுதி விலகி, கண்ணை மூடிக்கொண்டு பாடினான். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. நடுவில் ஏ.ஆர். ரஹ்மான் மேடைக்கு வந்து 'ஊர்வசி'யை ஷீரன் பாட்டோடு கோத்தபோது, மைதானத்தில் ஸ்பீக்கர் எதற்கு என்று ஆகிவிட்டது.

உன் தோழி சொன்னதில் பாதி சரி. டிரில்தான். ஆனால் டிரில் யார் எடுத்தது? விடுதி அறையில் பாதி ராத்திரி உட்கார்ந்து நீயாக எடுத்தது. கொரியக் கச்சேரிக்குப் பார்வையாளர் பயிற்சி செய்துவிட்டு வருகிறார். மேற்கத்தியக் கச்சேரிக்கு வந்தபடி வருகிறார். விளக்கிலும் இதே கதைதான். கோல்ட்ப்ளே 2025 ஜனவரி 25, 26 அகமதாபாத்தில் பாடியபோது, இரண்டாம் நாளை வீட்டில் ஹாட்ஸ்டாரில் பார்த்தேன். கூட்டத்தின் மணிக்கட்டுகளில் மின்னியதே ஒரு விளக்குப் பட்டை, அதை வாசலில் கொடுத்து, போகும்போது திருப்பி வாங்கிக்கொள்வார்கள். வாடகைச் சாமான் மாதிரி. உங்கள் விளக்குத் தடி அப்படி இல்லை. சொந்தக் காசில் வாங்கி, பேட்டரி போட்டு, போனில் ப்ளூடூத் வழியாக உன் இருக்கை எண்ணைப் பதிந்துவிட்டால், கச்சேரி நேரத்தில் அதன் நிறத்தை மாற்றுகிற வேலை கட்டுப்பாட்டு மேசையில் இருப்பவருடையது. கோயில் திருவிழாவில் சீரியல் செட் போட்டு மயில் தோகை விரிக்க வைத்தவன் நான். அங்கே ஆள் ஒவ்வொருவரும் ஒரு பல்பு. கொஞ்சம் பயமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். 2022 மார்ச்சில் சியோல் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் பிடிஎஸ் மூன்று நாள் பாடியது. கொரோனா காலம். நாளுக்கு 15,000 பேருக்குத்தான் அனுமதி, யாரும் வாய் திறந்து கத்தக்கூடாது என்று கட்டளை. பதிலுக்குத் தட்டிச் சத்தம் எழுப்ப ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். பெயர் சொல்லிக் கத்த வேண்டிய இடங்களில் படபடவென்று அட்டைச் சத்தம். வருடக்கணக்காகப் பழகிய தொண்டைகள் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. மைக் செட்காரனுக்கு அதைவிடச் சோகமான கச்சேரி கிடையாது. மேற்கத்தியக் கச்சேரியில் கூட்டத்தை ஊமையாக்கினால் துணைப் பாட்டுத்தான் போகும். கொரியக் கச்சேரியில் பாட்டிலேயே ஓட்டை விழும்.

ஆனாலும் கோடு போட்டுப் பிரித்துவிட முடியாது. 2019 ஜூனில் லண்டன் வெம்ப்லியில் இதே பிடிஎஸ்ஸுக்கு, கூட்டம் தானாக ஒரு பாட்டை எடுத்துப் பாடிக் காட்டி, பையன்களைக் கலங்க வைத்தது. எந்தக் கம்பெனியும் எழுதிக் கொடுத்ததில்லை அது.

நீ உன் கச்சேரிக்கே போ தாயி. அத்தனை பெயரையும் வரிசையாக மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறாய், எங்கேயாவது கொட்ட வேண்டாமா? தோழியின் கச்சேரிக்கு ஒன்றும் தயார் பண்ண வேண்டியதில்லை, எந்த வயதிலும் போகலாம். அறுபதை நெருங்குகிற நானே போனேனே. முதலில் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடு.

அண்ணே, கொரியாக்காரர்கள் மேடையில் வாயை மட்டும்தான் அசைக்கிறார்களாமே? நாங்கள் ராத்திரி முழுக்கத் தொண்டை கிழியப் பாடுகிறோம்.
– மெல்லிசைக் குழு கீபோர்டு கலைஞர், வத்தலக்குண்டு

தம்பி, உங்கள் குழுவில் வயலினுக்கு ஆள் வராத நாளில் பென் டிரைவிலிருந்து முன்பே பதிந்த இசை, அந்த மைனஸ் ஒன், ஓடுகிறதே, அதை நான்தானே செருகுகிறேன்?

அங்கேயும் டிராக் ஓடுகிறது, மேற்கிலும் ஓடுகிறது. பெரிய மேடைகளில் பாடுகிறவர், வாசிக்கிறவர் காதுக்குள் தாளம் தட்டிக்கொண்டே இருக்கும், அதைப் பிடித்துத்தான் இசை, விளக்கு, திரையில் ஓடும் படம் எல்லாம் போகும். கொரியாவில் வேறுபாடு ஆட்டம். மூன்று நிமிடம் முழுவீச்சில் ஆடிக்கொண்டே பாடினால் எவனுக்கும் மூச்சு வாங்கும். அதனால் கீழே ஒரு குரல் டிராக் வைத்து, மேலே நேரடிக் குரலை விடுவார்கள். எவ்வளவு அது, எவ்வளவு இது என்பது ஆளுக்கு ஆள் மாறும். இதில் அவர்கள் ரசிகர்களே பெரிய போலீஸ். பின்னணி டிராக்குக்கு அங்கே 'எம்ஆர்' என்று பெயர். அதை நீக்கிவிட்டுக் குரலை மட்டும் கேட்டு, மார்க் போட்டு வீடியோ வெளியிடுகிற கூட்டமே இருக்கிறது.

நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். பாட்டு முடிந்து பாடுகிறவர் பேசுகிற முதல் வாக்கியத்தைக் கேளுங்கள். இரைத்தால் ஆள் நேர்மை. சிங்கப்பூரில் நன்றாகவே இரைத்தது. அதோடு, அன்றைக்கு மேடையில் டிரம்ஸ் உள்பட வாசிக்கிற ஆட்களையே நிறுத்தியிருந்தார்கள். நிஜக் குச்சி நிஜத் தோலில் விழுவதைப் பார்த்ததும்தான் எனக்கு மனசு ஆறியது.

இன்னொன்று. பாடகிகள் உடை மாற்றப் போகிற நேரத்தில் திரையில் படம் ஓட்டுகிறார்கள். அதற்குக் கொரிய ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் 'விசிஆர்'! கல்யாண வீட்டுக்கு டெக்கும் டிவியும் வாடகைக்குத் தூக்கிப்போன எங்கள் காலத்துச் சாமான், அந்த ஊரில் சொல்லாக மட்டும் உயிரோடு இருக்கிறது.

அண்ணா, பதினாறு வயது மகளோடு ஒரு கச்சேரிக்குப் போக வேண்டியிருக்கிறது. எனக்குப் பாட்டு முக்கியமில்லை. அவள் காது என்ன ஆகும்?
– ஒரு தாய், பெருமாள்மலை

இந்த மாதத்தின் உருப்படியான கேள்வி இதுதான் தங்கச்சி. பாஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருபது வருடம் நின்றவன் நான். வலது காதில் ஒரு கொசு நிரந்தரமாகக் குடியிருக்கிறது. வைத்தியர் அதற்கு மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்.

கேளிக்கை இடங்களில் சத்தம் சராசரியாக 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரம்பு சொல்லியிருக்கிறது. வரம்புக்குள்ளேயே இருந்தாலும் காதுக்கு அது கொஞ்சமான சத்தம் இல்லை. பஞ்சு வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், அது பெரிதாகத் தடுக்காது. மருந்துக்கடையில் நுரையில் செய்த காதடைப்பான் கிடைக்கும். விரலால் உருட்டி, காதுமடலை மேலே இழுத்துச் செருகினால் உள்ளே விரிந்துகொள்ளும். ஸ்பீக்கர் தூணுக்கு நேராக நிற்க வேண்டாம். நடுவில் ஒரு தரம் வெளியே வந்து காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

கொரியக் கச்சேரி என்றால் மேடைச் சத்தத்துக்கு மேல் பக்கத்து இருக்கைச் சத்தம் ஒன்று உண்டு. பிள்ளைகள் வீறிடுவது நேராகக் காதுக்குள் இறங்கும். உங்களுக்கும் ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள்.

தம்பி, ஒரு சொல்கூடப் புரியாத பாட்டுக்கு இந்தப் பிள்ளைகள் ஏன் அழுகிறார்கள்?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தாண்டிக்குடி

ஐயா, எண்பதுகளில் ஏழுரோடு பக்கம் ஓர் ஒலிநாடாக் கடை இருந்தது. ஆங்கிலப் பாட்டு கேசட்டை டீக்கடையில் போடுவார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் கூடத் தாளம் போட்டு முணுமுணுப்பார்கள். எவருக்கும் சொல் தெரியாது. வார்த்தை தெரியாததால் யாரும் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனதில்லை. இவர்களாவது பரவாயில்லை, மொழிபெயர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். பண்ணைக்காட்டுப் பெண் ஒருத்தி கொரிய எழுத்தே கற்றுக்கொண்டு நோட்டுப் பூராவும் எழுதி வைத்திருக்கிறாள். கொடுத்தால் நீங்களே திருத்துவீர்கள்.

கொரிய மொழியிலும் அம்மா, அப்பா...
– ஒன்பது வாசகர்கள்

தெரியும். போதும்.

மாமா, ஒரு கொரியக் குழு கோடை விழாவுக்கு வந்து பிரையண்ட் பூங்காவில் பாடினால், மைக் செட் நீங்கள்தானே?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், நாயுடுபுரம்

வேறு யாரை விடுவேன்? ஆனால் தம்பி, மே மாதத்தில் அவர்களும் இ-பாஸ் எடுக்க வேண்டும். மேடைச் சாமான் ஏற்றிய லாரி வத்தலக்குண்டு சாலை வளைவுகளில் ஒவ்வொன்றாகத் திரும்பி மேலே வருவதற்குள் விழாவே முடிந்துவிடும். சாயங்காலம் நாலு மணிக்கு மஞ்சு இறங்கினால் கம்பி மூட்டெல்லாம் ஈரம் கோத்துக்கொள்ளும், பிளாஸ்டிக் சாக்கு போட்டு மூட வேண்டும். மஞ்சுக்குள்ளே ஆடினால் முன்வரிசைக்கே ஆள் தெரியாது. உன் அக்காமார்களிடம் சொல்லி வை: எல்லாரும் விளக்குத் தடியோடு வரட்டும். கரண்ட் போனால் எனக்கு அந்த வெளிச்சம் வேண்டியிருக்கும், ஜெனரேட்டர் பின்னால் ஸ்க்ரூ டிரைவரை எங்கே வைத்தேன் என்று தேட.