காவல் தேவதை – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க அரசியல் உரைகளை மொழிபெயர்த்துவருகிறேன். எங்கு பார்த்தாலும் ஏஞ்சல். நிலவுக்கு ஆள் அனுப்பிய நாட்டில், 2023இல் எடுத்த கருத்துக்கணிப்பில்கூடப் பத்தில் ஏழு பேர் தேவதைகள் உண்டு என்றார்களாம். மூடநம்பிக்கைதானே இது? உள்ளாடை விளம்பரப் பெண்களுக்கும் அதே பெயர்! லிங்கன் உரையின் கடைசி வரியில் வருவதைத் தேவதை என்பதா, தேவதூதன் என்பதா? பேசாமல் ‘நல்ல குணங்கள்’ என்று போட்டுவிட்டால் என்ன?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

உள்ளாடையை விட்டுவிடுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. மூடநம்பிக்கையா என்றால், மொழிபெயர்க்க உட்கார்ந்தவர் அந்த ஊர்க்காரர்களுக்குப் பகுத்தறிவு வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

‘நல்ல குணங்கள்’ என்றீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நாளாக அந்த வரிதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. 1861 மார்ச் 4, லிங்கன் பதவியேற்பு. அதற்குள் ஏழு தென் மாநிலங்கள் அமெரிக்காவிலிருந்து பிரிந்துவிட்டன. அவர் எழுதி வைத்திருந்த உரை ‘சமாதானமா, வாளா?’ என்ற கேள்வியில் முடிந்தது. இவ்வளவு கறார் வேண்டாம் என்று, அவருடைய வெளியுறவு அமைச்சராக வரவிருந்த வில்லியம் சீவர்ட் ஒரு பத்தி எழுதிக் கொடுத்தார். அதில் இருந்தது ‘தேசத்தின் காவல் தேவதை’. லிங்கன் பத்தியைத் தன் நடையில் திருப்பி எழுதி, அதை ‘நம் இயல்பின் மேலான தேவதைகள்’ ஆக்கினார்.

தேசத்துக்குக் காவல் என்றால் அது எல்லைச்சாமி. நம் பக்கம் நிற்கும், எதிரே இருப்பவனை அடிக்கும். பிரிந்து போனவனும் அதே சாமி என் பக்கம்தான் என்பான். லிங்கன் அதை மேலேயிருந்து இறக்கி ஆளாளுக்கு உள்ளே வைத்தார். ஒருமை பன்மையானதைக் கவனித்தீர்களா? ‘மேலான’ என்றால் கீழானவையும் உள்ளே இருக்கின்றன என்றுதானே பொருள்? ‘நல்ல குணங்கள்’ என்று போட்டால் அத்தனையும் போச்சு. குணம் கையில் இருப்பது. தேவதை வர வேண்டும், வந்து அந்த வரியில் லிங்கன் சொல்லும் நினைவின் தந்திகளைத் தொட வேண்டும். வராமலும் போகலாம். வரவில்லை. ஏப்ரல் 12 அன்று சம்டர் கோட்டையில் பீரங்கி வெடித்தது, உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்டது.

2001இல் ஜார்ஜ் புஷ் பதவியேற்றபோது, சூறாவளியில் ஏறி வந்து புயலை நடத்தும் தேவதை என்று ஒரு பழைய கடிதத்திலிருந்து எடுத்துப் பேசினார். சீவர்ட்டின் தேவதைக்குத் திரும்ப வேலை கிடைத்துவிட்டது.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பெதஸ்தா நீரூற்றைப் பார்த்தேன். எம்மா ஸ்டெபின்ஸ் செய்த வெண்கலத் தேவதை, 1873இல் திறந்தது. ஒரு கையில் லில்லிப் பூ, மறு கை தண்ணீருக்கு மேலே நீண்டிருக்கிறது. எதற்காகத் தெரியுமா? 1842இல் க்ரோட்டன் ஆற்றிலிருந்து ஊருக்கு நல்ல தண்ணீர் வந்ததே, அதற்காக. கிளம்பலாம் என்று மகள் மூன்று முறை சொல்லிவிட்டாள். எனக்கு அம்மா நினைவு. எங்கள் தெருவுக்குக் குழாய் வந்த அன்று அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டினாள். முதல் குடத்தை யாரையும் தொடவிடவில்லை. அவளிடம் போய் மூடநம்பிக்கை என்று சொல்லிப் பாருங்கள், குடத்தோடு அடிப்பாள்.

குழாய் என்றதும் இன்னொன்று. 1998இல் வயோமிங்கின் லாரமியில் மேத்யூ ஷெப்பர்ட் என்ற மாணவனைத் தன்பாலினத்தவன் என்பதால் அடித்துக் கொன்றார்கள். மறுவருடம் விசாரணை நடந்த நீதிமன்றத்துக்கு வெளியே, அவன் நரகத்துக்குத்தான் போவான் என்று ஒரு கும்பல் தட்டி பிடித்து நின்றது. அவன் தோழி ரொமெய்ன் பேட்டர்சனும் கூட்டாளிகளும் பிவிசி குழாயும் வெள்ளைப் படுக்கைவிரிப்பும் வாங்கினார்கள். ஆளுயரத்துக்கு மேலே போகும் இறக்கைகள் செய்து தோளில் மாட்டிக்கொண்டு, அந்தக் கும்பலைச் சூழ்ந்து வாய் பேசாமல் நின்றார்கள். இறக்கை விரிந்தது, தட்டி மறைந்தது. அவ்வளவுதான்.

சரி, உங்கள் கேள்வி. ‘தேவதைகள்’ என்றே போடுங்கள். தூதன் என்றால் அனுப்பியது யார் என்று கேட்கத் தோன்றும், லிங்கன் அதைச் சொல்லவில்லை. பன்மையை மட்டும் விட்டுவிடாதீர்கள். திருத்திவிட்டு அனுப்புங்கள், பார்க்கிறேன்.