பாட்டை உருவிய டிவிடி

அன்புள்ள ஐயா,

ஏற்காடு நாகலூரிலிருந்து எழுதுகிறேன். பழைய டிவி தொடர்களின் டிவிடி ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். ப்ளேயர் பழுதாகி எடைக்குப் போட்டாயிற்று. எல்லாம் யூடியூபிலும் ஓடிடியிலும் கிடைக்கிறது, தூக்கிப் போடுங்கள் என்கிறான் மகன். மலை ஈரத்தில் இவை தாங்குமா? தமிழ் மெகா சீரியல்கள் ஏன் இப்படிப் பெட்டியாக வருவதில்லை?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்குக் கணக்கே பதில். விளம்பரம் போக ஒரு எபிசோட் 22 நிமிடம் என்று வையுங்கள். டிவிடிக்கு முந்திய விசிடியில் 74 நிமிடம்தான் பிடிக்கும், மூன்று எபிசோட். 1000 எபிசோட் ஓடிய சீரியலுக்கு 300 விசிடிக்கு மேல் வேண்டும், யார் வாங்குவார்? தூர்தர்ஷனில் வந்த பழைய மகாபாரதம் 94 எபிசோடில் முடிந்தது, பெட்டிக்குள் அடங்கியது.

ஈரத்துக்கு ரொம்பப் பயப்படாதீர்கள், கேசட் நாடா மாதிரி சீக்கிரம் பூஞ்சை பிடிக்காது. உறையில் போட்டுச் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். வீட்டில் காப்பி அடித்ததைத்தான் நம்பக் கூடாது.

உங்கள் மகன் சொன்னதுதான் உறுத்துகிறது. கிடைக்கிறது சரி, எது கிடைக்கிறது? கொஞ்ச நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் 1978 முதல் 1982 வரை 'டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி' என்று ஒரு தொடர். ரேடியோ நிலையத்துக் கதை, அதனால் அந்தக் காலத்து ராக் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டுகளுக்கு அப்போது வாங்கிய உரிமை டிவிடி வரைக்கும் செல்லாது. புதிதாக வாங்கப் பெரும் செலவு. அதனால் 2007இல் முதல் சீசன் டிவிடி வந்தபோது பல பாட்டுகளை உருவிவிட்டு வேறு எதையோ நிரப்பினார்கள், சில இடங்களில் பாட்டோடு கலந்திருந்த வசனமும் சேர்ந்து போயிற்று. 2014இல் வேறொரு கம்பெனி வந்துதான் பெரும்பாலானதை மீட்டது. 'தி வொண்டர் இயர்ஸ்' என்ற இன்னொரு அமெரிக்கத் தொடர் 1993இல் முடிந்தது, பாட்டு உரிமைச் சிக்கலால் முழுத் தொகுப்பு வர 2014 ஆகிவிட்டது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை என்று தள்ளிவிடாதீர்கள். செவ்வாய்ப்பேட்டையில் என் அத்தை இருந்தாள். ஒரு தூர்தர்ஷன் தொடரின் முகப்புப் பாட்டு காதில் விழுந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையில் கை துடைத்தபடி வந்து உட்காருவாள். கண் மங்கிய காலத்தில் அதே தொடரின் டிவிடி வாங்கிவந்து போட்டேன். எந்தப் புண்ணியவான் வெட்டினானோ, முதல் எபிசோடில் மட்டும் பாட்டு, மற்றதெல்லாம் நேராகக் கதைக்குள் போய் விழுகிறது. கண் தெரியாதவளுக்குப் பாட்டுதானே தொடர்? "எப்படா ஆரம்பிச்சுது?" என்று ஒவ்வொரு எபிசோடுக்கும் கேட்டாள், நான் என்ன சொல்ல?

அப்படியும் டிவிடி பக்கம்தான் நான். வெட்டினாலும் வெட்டியது அப்படியே நிற்கும், முழுசாக ஒன்று கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். ஓடிடியில் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றுவார்கள், தூக்கியும் விடுவார்கள். மாதச் சந்தா கட்டுகிற உங்கள் மகனிடம் ஒரு வார்த்தை கேட்பார்களா?

உங்கள் மேல் கோபம் ஒன்றே ஒன்றுதான். பெட்டியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ப்ளேயரை எடைக்குப் போடுவாரா ஒரு மனுஷன்? அடுத்த தடவை சேலத்துக்கு இறங்கும்போது ரிப்பேர் கடைகளில் விசாரியுங்கள், யாராவது விட்டுப்போன பழைய ப்ளேயர் இருக்கும். அதுவரை மகனை அந்தப் பெட்டிப் பக்கம் விடாதீர்கள்.