புது ரேம் போட்டேன், திரை கறுத்துவிட்டது: கேள்வி பதில்

கணினிகளைப் பிரித்துப் பூட்டுவதே என் பிழைப்பு. கணினியின் தற்காலிக நினைவகமான ரேமை மாற்றுவதற்கு ஸ்க்ரூடிரைவர்கூடப் பெரிதாகத் தேவைப்படாது என்பதால் எல்லோரும் துணிந்து கை வைக்கிறார்கள். கை வைத்த பிறகு இரவு பதினொரு மணிக்கு என்னை எழுப்புகிறார்கள். அப்படி வந்த கேள்விகளையும் இன்று புதிதாக வந்தவற்றையும் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, என் கணினியில் 8 ஜிபி டிடிஆர் 4 ரேம் ஒன்று இருந்தது. இன்னொரு 8 ஜிபி வாங்கிப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டேன். மின்விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. புதியதைக் கழற்றினால் பழையபடி ஓடுகிறது. ரேமை விற்றவர், "ரேம் நல்ல ரேம்தான், உங்கள் போர்டில் கோளாறு" என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இப்போதைக்கு யாரையும் நம்ப வேண்டாம். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது மின்வழங்கிப் பெட்டியில், தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். இனி மூன்று சோதனைகள். ஒன்று, பழைய ரேம் ஓடிக்கொண்டிருந்த அதே ஸ்லாட்டில் புதிய ரேமை மட்டும் போடுங்கள். ஓடினால் புதியது பழுதில்லை. இரண்டு, பழைய ரேமை மட்டும் அந்தப் பக்கத்து ஸ்லாட்டில் போடுங்கள். அங்கே அது ஓடாவிட்டால் ஸ்லாட்டின் பக்கம்தான் கோளாறு. மூன்று, தனித்தனியாக எங்கே போட்டாலும் ஓடி, சேர்த்துப் போட்டால் மட்டும் முரண்டு பிடித்தால் அதுதான் உண்மையான ஒவ்வாமை.

ஒவ்வாமை ஏன் வருகிறது? ஒவ்வொரு ரேமிலும் ஒரு பொடி சிப் இருக்கிறது. "நான் இந்த வேகத்தில் ஓடுவேன், இத்தனை வோல்ட் வேண்டும்" என்ற ஜாதகம் அதில்தான் எழுதியிருக்கும். கணினி உயிர் பெறும்போது, போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ் இரண்டு ஜாதகங்களையும் படித்து, இரண்டுக்கும் பொதுவான ஒரு வேகத்தை, பெரும்பாலும் மெதுவானதன் வேகத்தை, எடுத்துக்கொள்ளும். சில வேளைகளில் இந்தப் பொருத்தம் பார்ப்பதில்தான் சறுக்குகிறது. அப்படியானால் பழைய ரேமுடன் மட்டும் பயாஸுக்குள் போங்கள். ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பைப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். வேகத்தை 2400 அல்லது 2666 என்று கையால் நிர்ணயித்துச் சேமித்துவிட்டு அணைத்து, இரண்டாவதைச் சொருகுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய பயாஸ் ஏற்றுங்கள். யுபிஎஸ் இல்லாமல் அந்த வேலையில் இறங்காதீர்கள். பாதியில் மின்சாரம் போனால் போர்டே போகலாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. ரேம் முழுவதுமாக இறங்கியிருக்கிறதா? சில போர்டுகளில் ஒரு முனையில் மட்டும்தான் கொக்கி இருக்கும். அந்தப் பக்கம் "டக்" என்று சத்தம் வந்ததும் நாம் கையை எடுத்துவிடுவோம். மறுமுனை ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டு முனைகளிலும் கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். மூன்று சோதனைகளின் முடிவையும் எழுதுங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.

கேள்வி: 3200 மெகாஹெர்ட்ஸ் ரேம் என்று காசு கொடுத்து வாங்கினேன். சிபியு-இசட் மென்பொருளில் 1600 என்று காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா அண்ணா?

பதில்: இல்லை தம்பி. டிடிஆர் என்பதே கடிகாரத்தின் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு அனுப்புகிற ஏற்பாடு. சிபியு-இசட் துடிப்பை எண்ணுகிறது. விற்பவர்கள் அனுப்பும் தடவைகளை எண்ணுகிறார்கள். 1600 இரண்டு மடங்கு 3200. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் அங்கே 3200 என்றே இருக்கும்.

1333 என்று காட்டியிருந்தால்தான் கேட்க வேண்டும். அப்போது ரேம் 2666இல் ஓடுகிறது என்று பொருள். பயாஸில் எக்ஸ்எம்பியை இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எல்லாப் போர்டிலும் ஆகாது: எச்410, பி460 சிப்செட் உள்ள இன்டெல் போர்டில் பத்தாம் தலைமுறை ஐ3, ஐ5 இருந்தால் 2666தான் உச்சவரம்பு. 3600 ரேம் வாங்கிச் சொருகினாலும் அது 2666இல்தான் நடக்கும். அந்தக் கூடுதல் காசுக்கு ஒரு நல்ல எஸ்எஸ்டி வாங்கியிருக்கலாம்.

கேள்வி: 8 ஜிபி போட்டும் "3.45 ஜிபி பயன்படுத்தத்தக்கது" என்கிறது விண்டோஸ்.

பதில்: 32 பிட் விண்டோஸ் வைத்திருக்கிறீர்கள். நான்கு ஜிபிக்கு மேல் அதற்குக் கண் தெரியாது. அதிலும் ஒரு பகுதி மற்ற வன்பொருள்களின் முகவரிகளுக்குப் போய்விடும். 64 பிட் நிறுவுங்கள். ஏற்கெனவே 64 பிட் என்றால் விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியைத் திறந்து, பூட் பகுதியின் மேம்பட்ட அமைப்புகளில் அதிகபட்ச நினைவகம் என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். "வேகம் கூட்ட வழி" என்று எதையோ பார்த்து யாராவது அதைத் தொட்டிருப்பார்கள்.

கேள்வி: வணக்கம் ஐயா. மகளின் படிப்புக்காக எங்கள் பழைய கோர் 2 டுவோ கணினியை உயிர்ப்பிக்க முயல்கிறேன். ஜி41 போர்டு, டிடிஆர் 3. இணையத்தில் மிகவும் மலிவாக 4 ஜிபி ரேம் கிடைத்தது. போட்டால் பீப் பீப் என்று கத்துகிறது. அதே ரேம் நண்பரின் ஏஎம்டி கணினியில் நன்றாக ஓடுகிறது. இது என்ன மாயம்?

பதில்: வாங்கிய பக்கத்தை மறுபடி திறந்து, படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். "ஏஎம்டிக்கு மட்டும்" என்று எறும்பு எழுத்தில் இருக்க வாய்ப்பு மிக அதிகம். மலிவின் ரகசியம் அதுதான். ரேம் பழுதில்லை, உங்கள் போர்டும் பழுதில்லை. இரண்டுக்கும் மொழி வேறு.

விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய கணினியை மீட்கிற எல்லோரும் இந்தக் குழியில் ஒரு முறையாவது விழுகிறார்கள். ரேம் ஒரு நேரத்தில் 64 பிட் அகலத்தில் தரவு தர வேண்டும். வழக்கமான ரேமில் ஒவ்வொரு சிப்பும் 8 பிட் தரும். எட்டு சிப்புகள் சேர்ந்தால் ஒரு வரிசை. பதினாறு சிப்புகள் இருந்தால் இரண்டு வரிசை. லேபிளில் இதை 2ஆர்×8 என்று அச்சிடுவார்கள். உங்களுக்கு வந்திருப்பதில் சிப்புக்கு 4 பிட்தான். பதினாறும் கூடினால்தான் ஒரே ஒரு வரிசை தேறும், அதாவது 1ஆர்×4. ஏஎம்டியின் நினைவகக் கட்டுப்பாட்டுச் சுற்று இதை ஏற்றுக்கொள்கிறது. இன்டெலின் வீட்டுக் கணினிப் போர்டுகள் ஏற்பதில்லை. வெளியிலிருந்து எண்ணினால் இரண்டிலும் பதினாறு சிப்புதான், அதனால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஜி41க்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. ஒரு சிப்பில் 2 கிகாபிட்டுக்கு மேல் இருந்தால் அதற்குப் புரியாது. ஆகவே பெரிய நிறுவனத்தின் புத்தம்புது 4 ஜிபி ரேமாக இருந்தாலும், எட்டே சிப்பில் செய்திருந்தால் ஓடாது. நீங்கள் தேட வேண்டியது: 4 ஜிபி, பதினாறு சிப், லேபிளில் 2ஆர்×8. அப்படி இரண்டு போட்டால் 8 ஜிபி. அந்தப் போர்டின் எல்லை அதுவே. பழைய பொருள் விற்கும் கடையில், "ஓடாவிட்டால் திருப்பித் தருவேன்" என்று பேசிக்கொண்டு வாங்குங்கள். போர்டையே கையோடு எடுத்துப் போய் அங்கேயே சொருகிப் பார்ப்பது இன்னும் நல்லது.

கேள்வி: பழைய மடிக்கணினியின் டிடிஆர் 3 ரேமை நான்காம் தலைமுறை ஐ5 மடிக்கணினிக்கு மாற்றினேன். இயங்கவில்லை.

பதில்: பழையது 1.5 வோல்ட், புதியது கேட்பது 1.35 வோல்ட், அதாவது டிடிஆர் 3எல். லேபிளில் பிசி3 என்பதற்கும் பிசி3எல் என்பதற்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். எல் உள்ளதைப் பழைய மடிக்கணினியில் போட்டால் பெரும்பாலும் ஓடும். மாற்றிப் போட்டால் இப்படித்தான்.

கேள்வி: சர்வரிலிருந்து கழற்றிய 16 ஜிபி டிடிஆர் 4 ரேம் பாதி விலைக்குக் கிடைக்கிறது. ஸ்லாட்டில் சரியாகப் பொருந்துகிறது. வாங்கலாமா?

பதில்: துவாரத்தில் சாவி நுழைகிறது என்பதற்காகப் பூட்டு திறந்துவிடாது. லேபிளில் 2400டி என்பதற்குப் பின்னால் வரும் எழுத்தைப் பாருங்கள். ஆர் என்றால் ரெஜிஸ்டர்டு, சர்வருக்கானது. வீட்டுப் போர்டு அதைத் தொடாது. யூ என்றால் நமக்கானது.

கேள்வி: கணினி திடீர் திடீரென்று நீலத்திரை காட்டி மறுபடி தொடங்குகிறது. "மெமரி மேனேஜ்மென்ட்" என்று ஒரு நாள், வேறு ஏதோ ஒரு நாள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை இருபது நிமிடம் ஓட்டினேன், பிழை இல்லை. ஆகவே ரேம் நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. இருபது நிமிடத்தில் ஒரு சுற்றுகூட முடிந்திருக்காது. பென் டிரைவில் மெம்டெஸ்ட்86+ ஏற்றி, இரவு படுக்கப் போகும்போது தொடங்குங்கள். காலையில் நான்கைந்து சுற்றாவது முடிந்திருக்க வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான். "ஒன்றுதானே" என்று விட்டால், அந்த ஒரு பிட் உங்கள் கல்யாணப் புகைப்படத்தின் நடுவில் போய் உட்காரும்.

பிழை வந்தால் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இப்போது வரவில்லை என்றால் ரேம் சாகவில்லை. அந்த வேகத்தை ரேமோ பிராசசரோ தாங்கவில்லை. ஒரு படி இறக்கிவிட்டு நிம்மதியாக இருங்கள். அணைத்த பிறகும் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றி ஓட்டிக் குற்றவாளியைப் பிடியுங்கள். ஓர் இரவுக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று கடைசிவரை தெரியாது.

கேள்வி: ரப்பர் போட்டு ரேமைத் தேய்க்கலாமா? எங்கள் ஊர் மெக்கானிக் முதலில் அதைத்தான் செய்கிறார்.

பதில்: நானும் செய்கிறேன். பென்சில் எழுத்தை அழிக்கும் மெத்தென்ற வெள்ளை ரப்பர் மட்டும். பேனா மையை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் தங்கப் பூச்சையே உரித்துவிடும். தேய்த்த துகள் ஒன்றுகூட ஸ்லாட்டுக்குள் விழக் கூடாது, ஆகவே போர்டுக்கு மேலே வைத்துத் தேய்க்காதீர்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணி கிடைத்தால் அதுவே மேல். வாயால் ஊத வேண்டாம். காற்றோடு எச்சிலும் போகும். அடுத்த முறை மெக்கானிக் ஊதும்போது கவனியுங்கள்.

கேள்வி: நான்கு ஸ்லாட்டில் எந்த இரண்டில் போடுவது?

பதில்: பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். கையேட்டிலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

கேள்வி: நேற்றுத்தான் ரைசன் 7000 வரிசைப் பிராசசரும் டிடிஆர் 5 ரேமும் வாங்கி நானே அசெம்பிள் செய்தேன். நான்கு ரேம், ஒவ்வொன்றும் 16 ஜிபி, பெட்டியில் 6000 என்று போட்டிருக்கிறது. பவர் கொடுத்தால் திரை வரவில்லை. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அணைத்தேன். ஆறு தடவை செய்துவிட்டேன். வயிற்றைக் கலக்குகிறது.

பதில்: ஏழாவது தடவை அணைக்காதீர்கள். முதல் முறை எழும்பும்போது அந்தப் போர்டு ஒவ்வொரு ரேமோடும் பேசிப் பார்த்து, சமிக்ஞை நேரங்களைத் தானே சரிசெய்துகொள்கிறது. மெமரி டிரெயினிங் என்பார்கள். இதற்குப் பல நிமிடம் ஆகலாம், அதுவும் நான்கு ரேம் என்றால். நீங்கள் அணைக்கும்போதெல்லாம் அது முதலிலிருந்து தொடங்குகிறது. பொத்தானை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்க் காபி போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள். கால் மணி நேரம் கழித்தும் இருட்டு என்றால், இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் மட்டும் வைத்துப் பாருங்கள்.

இனி கசப்பான செய்தி. அந்த வரிசைப் பிராசசர்களுக்கு ஏஎம்டி அறிவித்திருக்கும் வேகம், இரண்டு ரேமுக்கு 5200, நான்குக்கு 3600. பெட்டியில் 6000 என்று இருப்பது ரேமின் திறமை. பிராசசர் அதற்கு வாக்குக் கொடுக்கவில்லை. இரண்டு போட்டு எக்ஸ்எம்பிக்கு ஏஎம்டியின் மாற்றான எக்ஸ்போவை இயக்கினால் 6000 பெரும்பாலும் கிடைக்கும். நான்கு போட்டு அதே வேகம் வேண்டுமென்றால் அதிர்ஷ்டம் வேண்டும். கடை திருப்பி வாங்குமானால், 32 ஜிபி இரண்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன்தான் ஐயா. மூன்று சோதனையும் செய்துவிட்டேன். புதிய ரேம் பழைய ஸ்லாட்டில் ஓடுகிறது. பழைய ரேம் பக்கத்து ஸ்லாட்டில் ஓடவில்லை. இன்னொன்று சொல்ல மறந்தேன்: போன மாதம் பிராசசரின் விசிறியைக் கழற்றித் தூசி தட்டி, வெப்பம் கடத்தும் பசையை மாற்றினேன். எட்டாம் தலைமுறை இன்டெல்.

பதில்: அப்படியானால் ரேம் விற்றவர் சொன்னது பாதி சரி. விசிறிதான் என் சந்தேகம். இப்போதெல்லாம் ரேமைக் கட்டுப்படுத்தும் சுற்று பிராசசருக்குள் இருக்கிறது. இன்டெல் சாக்கெட்டுக்குள் பிராசசரின் அடியில் உள்ள மயிரிழைக் கால்களில் சில, நேராக அந்த ஸ்லாட்டுக்குப் போகின்றன. விசிறியின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று சரியாக இறங்காவிட்டால் பிராசசர் ஒரு மூலையில் லேசாகத் தூக்கிக்கொள்ளும், தொடர்பு போகும், ஒரு ஸ்லாட் மட்டும் செத்ததுபோல் நடிக்கும். இதே அறிகுறியோடு என்னிடம் வந்த ஒரு கணினிக்கு, போர்டை மாற்றச் சொல்லி விலையும் சொல்லிவிட்டேன். கழற்றும்போதுதான் விசிறியின் ஒரு கால் ஆடுவதைப் பார்த்தேன். மறுபடி பூட்டியதும் இரண்டு ஸ்லாட்டும் எழுந்துகொண்டன. சொன்ன விலையைத் திரும்பப் பெற்ற அவமானம் இன்னும் இருக்கிறது.

நீங்கள் விசிறியைக் கழற்றி, நான்கு கால்களையும் குறுக்கு மூலை வரிசையில் அழுத்திப் பூட்டுங்கள். பசை புதிதாக வைக்க வேண்டும். அப்போதும் அந்த ஸ்லாட் எழாவிட்டால் பிராசசரைத் தூக்கிவிட்டு, சாய்வாக டார்ச் அடித்துக் கைப்பேசியில் சாக்கெட்டைப் படம் எடுங்கள். கால்கள் எல்லாம் ஒரே சீராக மின்ன வேண்டும். வளைந்த ஒன்று மட்டும் வேறு மாதிரி பளிச்சிடும். ஊசியை எடுத்துக்கொண்டு நீங்களே நிமிர்த்தக் கிளம்பாதீர்கள். படத்தை அனுப்புங்கள்.