குளியலறைக் கண்ணாடியில் சப்பைத் தண்ணீர்க் கறை

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் வீடு கட்டிக் குடியேறி மூன்றாண்டுகள் ஆகின்றன. குடிப்பதைத் தவிர மற்றெல்லாப் புழக்கத்துக்கும் போர் தண்ணீர்தான். குளியலறைக் கண்ணாடித் தடுப்பில் படிந்துள்ள வெள்ளைக் கறை, கண்ணாடி துடைக்கும் நீல நிறத் திரவத்தை இரண்டு பாட்டில் தீர்த்த பிறகும் போகவில்லை. கடைக்காரர் அதைவிட விலை கூடிய ஒன்றைக் காட்டுகிறார். அதை வாங்கலாமா? அடுப்புக்குப் பின்னுள்ள டைல்ஸ் பிசுக்குக்கும் அதுவே போதுமா?

பதில்: வாங்க வேண்டாம். அந்த நீலத் திரவம் தூசியையும் கைரேகையையும் எடுப்பதற்கானது. உங்கள் கண்ணாடியில் இருப்பதோ, சப்பைத் தண்ணீர் காய்ந்தபின் தங்கிய சுண்ணாம்பும், அதோடு சோப்பு சேர்ந்து இறுகிய படலமும் ஆகும். மதுக்கரையில் சிமெண்டுக்காக வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் இதுவும் வேதியியலில் ஒன்றே என்பதால், துணியால் எவ்வளவு தேய்த்தாலும் அது அசையாது; புளிப்புக்குத்தான் கரையும்.

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தில் 30 கிராமை அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அதில் நனைத்த பழைய பருத்தித் துணியைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் 15 நிமிடம் விட்டுவையுங்கள். செங்குத்தான கண்ணாடியில் வெறுமனே தெளித்தால் வழிந்தோடிவிடும். பிறகு மென்மையான நாரால் தேய்த்துக் கழுவுங்கள். கம்பி நார் வேண்டாம், கீறல் விழும். கறை பழையதென்றால் இரண்டு மூன்று முறை செய்ய நேரும்.

இக்கரைசல் மொசைக் தரையிலோ, மார்பிளிலோ, நம் பக்கத்துச் சமையலறைகளில் மேடையாகப் போடும் கடப்பைக் கல்லிலோ படக்கூடாது; அவற்றிலும் சுண்ணாம்பே இருப்பதால் கறையோடு கல்லின் மெருகும் போய்விடும். கழிவறைக்கு வாங்கிய ஆசிட்டைக் கண்ணாடிக்கும் ஊற்றிவிடுவது பலரிடம் உள்ள வழக்கம். அது சிதறிக் குழாயின் பளபளப்பை அரித்துவிடும். எந்த அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்த்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும் என்பதால், இவ்விரண்டையும் ஒரே நாளில் ஒரே குளியலறையில் பயன்படுத்தாமலிருப்பதே நல்லது.

பலமுறை செய்தும் மங்கல் அப்படியே நின்றால், கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். அதைச் சீரியம் ஆக்சைடு தூளால் மெருகேற்றலாம். ஆனால் கூலியையும் புதுக் கண்ணாடியின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். எப்படியானாலும், குளித்து முடித்த கையோடு ரப்பர் வைப்பரால் வழித்துவிட்டால் கறை படியத் தண்ணீரே தங்காது.

டைல்ஸ் பிசுக்கு எண்ணெய்ப் பசை. அதற்குப் புளிப்பு உதவாது, காரம்தான் வேண்டும். ஆப்ப சோடாவை அல்ல, துணி துவைக்கும் சலவை சோடாவை இரண்டு கரண்டி ஒரு லிட்டர் வெந்நீரில் கலந்து, கையுறை அணிந்து துடையுங்கள். பக்கத்தில் உள்ள அலுமினியப் பாத்திரங்களை முதலில் எடுத்துவிடுங்கள், பட்டால் கறுத்துப்போகும்.