வாங்கிய வாயுவைக் கடல் எங்கே வைக்கிறது?

கேள்வி: கடலில் மிதக்கும் பிளாங்க்டன் கரியமில வாயுவை உறிஞ்சுகிறது என்று படித்தேன். கரையோரக் கடல்களில் இது வருடம் முழுக்க நடக்குமா? உறிஞ்சிய வாயு என்ன ஆகிறது?
- கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: வருடம் முழுக்க ஒரே அளவில் நடக்காது. எனக்கு இது புரிந்தது ஐரோப்பாவில், பிரிட்டனுக்குக் கிழக்கே இருக்கும் வட கடலின் கரையில். மகள் நெதர்லாந்தில் இருந்தபோது, ஒரு மே மாதம் ஷெவெனிங்கன் கடற்கரைக்குப் போயிருந்தேன். கரை நெடுகக் கணுக்கால் உயரத்துக்கு நுரை. உலை பொங்கி வழிந்த கஞ்சி மாதிரி, ஆனால் பழுப்பு நிறம். கையில் அள்ளினேன். குமிழிகள் உடைந்ததும் உள்ளங்கையில் வழவழவென்று ஒரு கசடு மிஞ்சியது. அழுகிய முட்டைக்கோஸ் வாடை. ஆலைக் கழிவோ என்று பயந்தே போனேன். விசாரித்தால், ஃபேயோசிஸ்டிஸ் என்ற பிளாங்க்டனின் மிச்சமாம்.

குளிர்காலத்தில் பிளாங்க்டன் வளர அங்கே வெளிச்சம் போதாது. நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் தின்ன ஆளில்லாமல் நீரில் சேர்ந்து கிடக்கும். மார்ச், ஏப்ரலில் பகல் நீண்டதும் முதலில் டயாட்டம்கள் என்ற நுண்பாசிகள் பெருகும், அப்புறம் ஃபேயோசிஸ்டிஸ். நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை இவை எடுத்துக்கொள்ள, குறைந்ததைக் காற்றிலிருந்து கடல் இழுத்துக்கொள்ளும்.

சரி, அது எங்கே போகிறது? நீங்கள் இதைக் கேட்டதுதான் எனக்குப் பிடித்தது. பலர் உறிஞ்சுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். வட கடலின் தெற்குப் பகுதி பெரும்பாலும் 50 மீட்டர்கூட ஆழமில்லை. ஓதத்தின் வேகத்தில் நீர் அடிவரை கலங்கிக்கொண்டே இருக்கும். செத்த பிளாங்க்டனை பாக்டீரியா மக்கச் செய்ய, வசந்தத்தில் வாங்கியதில் பெரும்பகுதி கோடையிலேயே காற்றுக்குத் திரும்பிவிடும். என் கையில் ஒட்டிய கசடுக்கும் அதே கதிதான்.

வடக்கே 100, 150 மீட்டர் ஆழம். கோடையில் மேல்நீர் வெதுவெதுப்பாகவும் அடிநீர் சில்லென்றும் இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். மேலே செத்தது கீழே இறங்கி அங்கேயே மக்கும். வெளிவந்த வாயு மேலேறக் கதவு கிடையாது. அந்த நீர் நார்வே கரையோரப் பள்ளம் வழியாக அட்லாண்டிக்குக்குப் போய்விடும்.

2001 ஆகஸ்ட் முதல் 2002 மே வரை, நான்கு பருவங்களிலும் பெலாஜியா என்ற டச்சு ஆய்வுக் கப்பல் வட கடல் முழுக்கச் சுற்றி நீரை அளந்தது. காற்றிலிருந்து வட கடல் வாங்கும் கரியமில வாயுவில் 90 சதவீதத்துக்கு மேல் இப்படி அட்லாண்டிக்கைச் சேர்கிறது என்று 2004-ல் அந்தக் கணக்கு வெளியானது.